சிகரெட் கம்பெனிகளிடம் கணக்குக் கேட்கும் வேலை

அன்புள்ள ஐயா,

மகளுக்குச் சட்டப் படிப்பில் கடைசி வருடம். ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பெரிய லா ஃபர்ம் கூப்பிடுகிறது. அவளோ பென்சில்வேனியா அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்தின் புகையிலைப் பிரிவுக்குத்தான் போவேன் என்கிறாள். "சிகரெட் கம்பெனிகள் மீதான வழக்கெல்லாம் 1998-லேயே முடிந்துபோனதே, இனி அங்கே என்ன வேலை இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், சம்பளக் கவலைக்கு அப்புறம் வருகிறேன்.

புகைபிடித்து நோயில் விழுந்த ஏழைகளின் மருத்துவச் செலவை மாநிலம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டு, 1994-ல் மிசிசிப்பியின் அட்டர்னி ஜெனரல் மைக் மூர் முதல் வழக்கைப் போட்டார். மிசிசிப்பி, ஃபுளோரிடா, டெக்சஸ், மினசோட்டா ஆகிய நான்கும் தனித்தனியாகச் சமரசம் செய்துகொண்டன. மற்ற 46 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் ஐந்து ஆட்சிப்பகுதிகளும் 1998 நவம்பரில் நான்கு பெரிய கம்பெனிகளோடு சேர்ந்து கையெழுத்திட்டதுதான் மாஸ்டர் செட்டில்மெண்ட் அக்ரிமெண்ட், சுருக்கமாக எம்.எஸ்.ஏ. முதல் 25 வருடங்களுக்கு 20,600 கோடி டாலர் வரும் என்று அன்று மதிப்பிட்டார்கள். 25 வருடம் தாண்டிவிட்டது, பணம் நிற்கவில்லை. அந்தக் கம்பெனிகள் அமெரிக்காவில் சிகரெட் விற்கிற வரைக்கும் வருடா வருடம் ஏப்ரலில் கட்டியாக வேண்டும். எத்தனை சிகரெட் விற்றதோ அதற்கேற்பத் தொகை ஏறும், இறங்கும்.

தகராறு பிறப்பதும் அந்தத் தொகையில்தான். ஒப்பந்தத்தில் சேராத சின்னச் சின்னத் தயாரிப்பாளர்கள் மலிவாக விற்றுச் சந்தையைப் பிடித்துவிட்டால், கையெழுத்திட்ட கம்பெனிகளுக்கு நஷ்டம். அதனால் ஒவ்வொரு மாநிலமும் ஒரு சட்டம் போட்டது: சேராத கம்பெனி, தான் விற்ற ஒவ்வொரு சிகரெட்டுக்கும் இவ்வளவு என்று எஸ்க்ரோ கணக்கில், அதாவது இஷ்டத்துக்கு எடுக்க முடியாத முடக்கக் கணக்கில், பணம் போட வேண்டும். அது 25 வருடம் அங்கேயே கிடக்கும். போடாதவன் சரக்கு, விற்க அனுமதியுள்ள பிராண்டுகளின் மாநிலப் பட்டியலிலிருந்து நீங்கும். பட்டியலில் இல்லாத பிராண்டுக்கு மொத்த வியாபாரி வரி ஸ்டாம்ப் ஒட்டக் கூடாது. கையால் சுருட்டிக்கொள்ளும் உதிரிப் புகையிலையையும் விடவில்லை, 0.09 அவுன்ஸ் ஒரு சிகரெட் என்று எஸ்க்ரோ சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. இதையெல்லாம் மாநிலம் சிரத்தையாக அமல்படுத்தியதா என்பதுதான் கம்பெனிகள் எழுப்பும் கேள்வி. சந்தையில் அவர்களது பங்கு குறிப்பிட்ட அளவுக்கு மேல் சரிந்தால் கட்டவேண்டிய தொகையைக் குறைக்கச் சொல்லலாம். சிரத்தையாக நடந்துகொண்ட மாநிலத்துக்குக் குறையாது. அதன் பங்கு நஷ்டமும் அசட்டையாக இருந்த மாநிலத்தின் தலையில் ஏறும்.

உங்கள் மாநிலத்துக்கே இது நடந்தது. 2003-ஆம் வருடக் கணக்கை மூன்று முன்னாள் ஃபெடரல் நீதிபதிகள் அடங்கிய நடுவர் குழு விசாரித்தது. பத்து வருடம் கழித்து, 2013 செப்டம்பரில், ஆறு மாநிலங்கள் சரியாக அமல்படுத்தவில்லை என்று முடிவு சொன்னது. இந்தியானா, கென்டக்கி, மேரிலாந்து, மிசூரி, நியூ மெக்சிகோ, அப்புறம் பென்சில்வேனியா. கோடிக்கணக்கான டாலர் போனது. பென்சில்வேனியா தன் மாநில நீதிமன்றத்துக்குப் போய் அதில் ஒரு பகுதியை மீட்டுக்கொண்டது. அந்த விசாரணையில் கேட்கப்பட்டது என்ன தெரியுமா? எத்தனை கம்பெனிக்கு நோட்டீஸ் போனது, யார் மீது வழக்குப் போட்டீர்கள், வியாபாரிகளின் மாதாந்திர அறிக்கையை வருவாய்த் துறையோடு ஒப்பிட்டுப் பார்த்தது யார், கோப்பு எங்கே. ஒரு இளம் வழக்கறிஞர் இன்று எழுதும் சாதாரணக் கடிதம் பல வருடம் கழித்துச் சாட்சியமாகும் வேலை இது. மகளிடம் இதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்: பட்டியலும் விற்பனைக் கணக்கும் எக்ஸெல் ஷீட்டும் அவளுக்குச் சலிக்குமா? சலிக்கும் என்றால் வேண்டாம்.

சுவாரஸ்யமான பக்கமும் உண்டு. விளம்பரத்தில் கார்ட்டூன் கூடாது, பெரிய விளம்பரப் பலகை கூடாது, பிராண்ட் பெயர் போட்ட டீ-ஷர்ட் கூடாது என்று ஒப்பந்தத்தில் வரிசையாகத் தடைகள். 2007-ல் ஒரு இசைப் பத்திரிகையில் வந்த கேமல் சிகரெட் விளம்பரத்துக்காகப் பல மாநிலங்கள் அதன் தயாரிப்பாளர் ஆர்.ஜே. ரேனால்ட்ஸ் மீது வழக்குப் போட்டன. ஒரு படம் கார்ட்டூனா இல்லையா என்று மூத்த வழக்கறிஞர்கள் பக்கம் பக்கமாக வாதாடினார்கள். ஆனால் அப்படிப்பட்ட வழக்கு எப்போதாவதுதான் வரும், அதை நம்பி வேலைக்குச் சேரக் கூடாது.

சிகரெட் விற்பனை குறைந்துகொண்டே வருகிறது, பிரிவையே மூடிவிட மாட்டார்களா என்ற பயம் நியாயமானது. என் கணிப்பு, மூட மாட்டார்கள், வேலையின் முகம் மாறும். ஏற்கெனவே மாறிவிட்டது. ஜூல் இ-சிகரெட் கம்பெனியிடம் 2021-ல் நார்த் கரோலைனா முதலில் 4 கோடி டாலர் வாங்கியது. அடுத்த வருடம் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்து சுமார் 44 கோடிக்கு ஒப்பந்தம் போட்டன. ஓபியாய்டு (போதைக்கு அடிமையாக்கும் வலி நிவாரணி) மாத்திரைக் கம்பெனிகளோடு நடந்த பெரிய சமரசத்திலும் புகையிலையில் கற்ற பாடம் தெரிகிறது. எம்.எஸ்.ஏ. பணத்தைப் புகைத் தடுப்புக்குச் செலவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பல மாநிலங்கள் அதை வைத்து வேறு வேறு பட்ஜெட் பள்ளத்தை நிரப்பின. அதனால் பெரிய மருந்து விநியோகக் கம்பெனிகளுடனான ஓபியாய்டு ஒப்பந்தத்தில் குறைந்தது 85 சதவீதம் போதைப் பிரச்சினைக்கே போக வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். பல மாநிலங்கள் சேர்ந்து வழக்காடத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் எங்கும் கதவு திறக்கும்.

மத்திய அரசுப் பக்கம் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2009 சட்டத்துக்குப் பிறகு புகையிலைப் பொருள்களைக் கட்டுப்படுத்துவது மத்திய உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. மத்திய நீதித் துறை சிகரெட் கம்பெனிகள் மீது தொடுத்த வழக்கில் 2006-ல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் எழுதிய ஆயிரத்து அறுநூறு பக்கத்துக்கும் மேற்பட்ட தீர்ப்பை மகள் ஒருமுறையாவது புரட்டட்டும். ஆனால் 2025 ஏப்ரலில் மத்திய சுகாதாரத் துறையில் நடந்த ஆட்குறைப்பு எஃப்.டி.ஏ.யின் புகையிலை மையத்தையும் பலமாக அடித்தது. இப்போதைக்கு மாநிலமே பாதுகாப்பு என்பேன். இன்னொன்று, மத்திய நீதித் துறையில் வழக்கறிஞராக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். மாநிலங்களில் விதி மாறும். உங்கள் வீட்டில் கிரீன் கார்டு இன்னும் வரிசையில் நிற்கிறது என்றால், இதை முதல் நாளே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

சம்பளத்துக்கு வருகிறேன். பெரிய ஃபர்மில் முதல் வருடமே 2,25,000 டாலர். அரசில் அதில் பாதிகூட இருக்காது, இதை மறைப்பதில் அர்த்தமில்லை. எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. ஃபெடரல் கல்விக் கடன் இருந்தால், அரசு வேலையில் முழுநேரமாக இருந்தபடி 120 தவணை கட்டியபின் மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் இருக்கிறது. வருமானத்தைப் பொறுத்த தவணைத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கே இதில் லாபம். மகளின் கடன் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் இதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள், இரண்டு சம்பளத்துக்கும் உள்ள தூரம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. தனியார் வங்கிக் கடனுக்கு இது செல்லாது.

முதலில் ஃபர்மில் சம்பாதித்துவிட்டு அப்புறம் அரசுக்கு வரலாம் என்ற உங்கள் யோசனை தப்பில்லை. ஆனால் அந்த ஃபர்ம் புகையிலைக் கம்பெனிகளுக்கு வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செய்தால், எதிர்ப்பக்கம் இருந்தவள் என்பதால் பின்னாளில் இதே பிரிவில் சேரும்போது அவள் தொட முடியாத கோப்புகள் பல இருக்கும்.

நேர்முகத்தில் அவள் கேட்க வேண்டியது ஒன்று சொல்கிறேன். அமலாக்கச் சர்ச்சையில் பல மாநிலங்கள் கம்பெனிகளோடு தனி உடன்பாட்டுக்கு வந்துவிட்டன. எந்தெந்த வருடக் கணக்கு உங்களுக்கு இன்னும் திறந்திருக்கிறது, அதில் புதிதாக வருபவர் நடுவர் விசாரணையில் உட்காருவாரா, இல்லை கோப்பு மட்டும் தயாரிப்பாரா என்று நேராகக் கேட்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால், அந்தப் பிரிவில் ஏற்கெனவே இரண்டு மூன்று வருடம் இருக்கும் ஒருவரிடம் தனியாகப் பேசிவிட்டு முடிவெடுக்கலாம்.