மகள் ஓதுகிறாள், ஆனால் அரபிப் புத்தகம் படிக்க மாட்டேன் என்கிறாளே?

"எட்டு வயது மகள் மதரசாவில் நன்றாக ஓதுகிறாள். அரபிக் கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் மூடி வைத்துவிடுகிறாள். ஆர்வம் வர என்ன வழி?" என்று குளச்சலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

ஆர்வக்குறைவு இல்லை இது. அவள் பழகியது ஓத; நீங்கள் எதிர்பார்ப்பது பொருள் தெரிந்து படிக்க. இரண்டும் வேறு வேலை. உடனே "மதரசாவைக் குறை சொல்ல வந்துவிட்டார்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். மதரசா கொடுத்த எழுத்தறிவு இல்லாமல் நான் கீழே சொல்லும் எதுவும் நடக்காது.

முதலில் புத்தகத்தைப் பாருங்கள். குர்ஆனில் எழுத்துக்கு எழுத்து ஜபர், ஜேர், பேஷ் (அ, இ, உ ஒலிக் குறிகள்) இருக்கும். பெரியவர்களுக்கான புத்தகத்திலும் செய்தித்தாளிலும் அவை இருக்காது. சொல் தெரிந்தவர்தான் படிக்க முடியும். ஆகவே முழுக்கக் குறியிட்ட சிறுவர் புத்தகமாக எடுங்கள். வரிக்கு மூன்று நான்கு சொல் போதும். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தெரியவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். அச்சும் முக்கியம். இந்திய அச்சில் நீட்டி ஓதும் யா, வாவ் எழுத்துகள் மேல் சுகூன் (உயிரொலி இல்லை என்று காட்டும் குறி) இருக்கும். மதீனா அச்சில் அது வெறுமனே நிற்கும். ஒன்றில் பழகிய பிள்ளை மற்றதில் தடுமாறுவாள். அதைத் தப்பு என்று அதட்டக் கூடாது.

அடுத்து எழுத்து. 28 எழுத்தில் ஆறு, தனக்குப் பின்னால் வரும் எழுத்தோடு சேராது: அலிஃப், புள்ளியில்லாத தால், புள்ளி வைத்த தால், ரா, ஸா, வாவ். பிள்ளைகள் சொல்லை நடுவில் உடைத்து இரண்டாகப் படிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பா, தா, ஸே, நூன், யா ஐந்தும் சொல்லின் நடுவில் ஒரே பல் வடிவம். புள்ளி மட்டுமே வித்தியாசம். சாக்பீஸால் தரையில் அந்தப் பல்லை வரைந்து, புளியங்கொட்டையைப் புள்ளியாக மேலும் கீழும் மாற்றி வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் கண் பழகிவிடும்.

தமிழ் எழுத்தில் அச்சடித்த ஓதல் புத்தகங்களைத் தயவுசெய்து கையில் கொடுக்காதீர்கள். பெரியவர்களின் அவசரத்துக்கு உதவலாம், பிள்ளைக்கு அது கேடு. அடிநாக்கிலிருந்து வரும் காஃபில் 'கல்ப்' என்றால் இதயம், சாதாரண காஃபில் 'கல்ப்' என்றால் நாய். தமிழில் இரண்டும் ஒன்றுதான். 'ரமழான்' என்று எழுதிப் பழகியதால் ளாத் என்ற அரபி எழுத்தை நம் ழகரமாகவே உச்சரிக்கிறோம். அது நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பல்லில் அழுந்தி வரும் ஒலி.

அதற்கு மாறாக, தமிழை அரபி எழுத்தில் எழுதிக் கொடுங்கள். நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியது இப்படித்தான். 'உம்மா', 'மீன்', அவள் பெயர். அரபியில் இல்லாத ப, ட போன்ற ஒலிகளை முதலில் தவிர்த்துவிடுங்கள். தெரிந்த பேச்சைப் புது எழுத்தில் பார்த்ததும், எழுத்து என்றால் பொருள் உண்டு என்பது பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

சொல்லுக்கும் வெகுதூரம் போக வேண்டாம். வக்கீல், வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து, ஆஜர், இனாம் எல்லாம் அரபியிலிருந்து வந்தவை. அவளுக்குப் பாதி அரபி ஏற்கெனவே வாயில் இருக்கிறது. பிறகு வேர். கிதாப் புத்தகம், காதிப் எழுதுபவர், மக்தப் அலுவலகம், மக்தபா நூலகம், மக்தூப் எழுதப்பட்டது. ஐந்திலும் காஃப், தா, பா மூன்றையும் அவளையே வட்டமிடச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு வேர் போதும்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரே கதை ஒரு வாரம். வரிகளுக்கு இடையில் தமிழ் அர்த்தம் எழுதாதீர்கள், கண் அங்கேயே போகும்; கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தேங்காய்ப்பட்டணமோ தக்கலையோ, பள்ளிவாசல் மினாராவுக்கு வசூல் செய்ய ஓடும் கால்கள், ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்குச் சம்பளம் கூட்டும் பேச்சு வந்தால் நகர்வதில்லை. வீட்டுச் செலவுக்கே திணறும் மனிதர், பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து அர்த்தம் சொல்ல வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்கிறோம்? இது என் மனதில் கிடந்து உறுத்துகிறது.

வீட்டில் யாராவது கல்ஃபில் இருந்தால் (உங்கள் ஊரில் இல்லாமலா?) ஒரு எச்சரிக்கை: அங்கே பேசும் அரபியும் புத்தக அரபியும் வேறு. அவர் பேசிக் காட்டுவதைவிட, அங்கிருந்து வரும் டப்பாக்கள் உதவும். பால்மாவு டப்பாவில் ஹலீப், தண்ணீர் பாட்டிலில் மாஃ, சர்க்கரையில் சுக்கர் என்று தேடச் சொல்லுங்கள். 'தாரீக் அல்இன்திஹா' என்றிருக்கும் இடத்தில் காலாவதித் தேதி. எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண்ணை மட்டும் இடமிருந்து வலமாகவே வாசிக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் 25ஐ 52 என்று படிப்பாள்.