மானிட்டரில் 100 காட்டினால் நிம்மதியா?

"நிமோனியாவோடு வந்த ஒருவருக்கு மாஸ்க்கில் 8 லிட்டர் ஆக்சிஜன் ஓடுகிறது, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் சதவீதம்) 100. நல்லதுதானே என்று இருந்தேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் உடனே குறைக்கச் சொல்லிவிட்டார். அதிகமாக இருந்தால் என்ன கெட்டுப்போகும்? எந்த அளவில் வைப்பது?" என்று வார்டு வேலைக்குப் புதிதாக வந்த ஒரு நர்ஸ் கேட்டிருக்கிறார்.

டாக்டர் சொன்னது சரிதான். ஆக்சிஜன் கொடுக்கும்போது 100 என்பது நல்ல செய்தி இல்லை, மீட்டருக்குக் கண் தெரியாமல் போய்விட்டது என்று அர்த்தம். ஹீமோகுளோபின் நிரம்பியபிறகு ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 150 மில்லிமீட்டராக இருந்தாலும் 400 ஆக இருந்தாலும் திரையில் 99, 100 தான் வரும். உங்கள் நோயாளியின் நுரையீரல் இன்று ராத்திரி மோசமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 லிட்டரில் 95 இருந்தவர் என்றால் 90க்கு இறங்குவார், நீங்கள் ஓடிப் போய்ப் பார்ப்பீர்கள். 8 லிட்டரில் 100 இருப்பவரோ வெகுநேரம் 98, 99 என்றே காட்டிக்கொண்டிருப்பார், உங்களுக்குத் தெரியவரும்போது நிலைமை கைமீறியிருக்கும்.

சரி, எவ்வளவில் வைப்பது? பிரிட்டனின் நுரையீரல் மருத்துவர் அமைப்பான பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி பெரும்பாலான பெரியவர்களுக்கு 94 முதல் 98 என்கிறது. 2018இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த பரிந்துரை 96ஐத் தாண்ட வேண்டாம் என்றது. அதே ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் 25 ஆய்வுகளை, 16,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தாராளமாக ஆக்சிஜன் வாங்கியவர்களில் இறப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அதனால் என் கணக்கு 94லிருந்து 96. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு ஆக்சிஜன் இல்லாமலே 93க்கு மேல் இருந்தால் மாஸ்க்கைத் தொடவே வேண்டாம்.

சிஓபிடி (நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு 88 முதல் 92 போதும். மிகவும் பருமனானவர்கள், தசை பலவீனம் உள்ளவர்கள், முன்பு கார்பன் டை ஆக்சைடு ஏறிப் படுத்தவர்கள் எல்லாருக்கும் இதே அளவுதான். ஆக்சிஜன் கூடினால் இவர்களுக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிவிடும். மூச்சு விடும் உந்துதல் குறைவதால்தான் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள், அது ஒரு சின்னப் பங்குதான். காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்தம் திரும்பிவிடுவதும், ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கார்பன் டை ஆக்சைடைக் கைவிடுவதும்தான் பெரிய காரணங்கள். ராத்திரி வந்தவர் விடிகாலையில் "நன்றாகத் தூங்குகிறார்" என்றால் எனக்குப் பயம்தான், அது கார்பன் டை ஆக்சைடு ஏறிய மயக்கமாக இருக்கலாம். கையைத் தொட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்பாக, நாடி துள்ளிக்கொண்டு, கையை நீட்டச் சொன்னால் படபடவென்று ஆடினால் உடனே ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயு அளவு பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும். ஆனால் பதறிப்போய் ஆக்சிஜனை மொத்தமாகப் பிடுங்கிவிடாதீர்கள், சாச்சுரேஷன் முன்பிருந்ததைவிடக் கீழே விழுந்துவிடும். 24 அல்லது 28 சதவீத வென்சுரி மாஸ்க்குக்கு (ஆக்சிஜனை அளந்த சதவீதத்தில் தரும் மாஸ்க்) மாற்றி 88–92ஐப் பிடியுங்கள்.

உங்கள் நோயாளிக்கு சிஓபிடி இல்லை என்றால் மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்குக் குழாயில் 4 லிட்டருக்கு வாருங்கள். மாஸ்க்கை வைத்துக்கொண்டே 5 லிட்டருக்குக் கீழே இறக்காதீர்கள், விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 நிமிடமாவது பொறுங்கள், 94க்கு மேலே நின்றால் இன்னும் குறையுங்கள்.

இடையில் ஒன்று, எண்ணை நம்பும் முன் விரலைப் பாருங்கள். நகப்பூச்சு, ஜில்லிட்ட கை, திரையில் ஒழுங்கில்லாத நாடி அலை, எல்லாமே ஏமாற்றும். கறுத்த தோலில் மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்பது 2020இல் வந்த அமெரிக்க ஆய்விலும் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே 92, 93இல் தடுமாறுகிறவரிடம் ஆளைப் பார்த்து முடிவெடுங்கள், சந்தேகமென்றால் ஏபிஜி.

இந்தக் கணக்கெல்லாம் செல்லாத இடங்களும் உண்டு. இதயம் நின்றவர், ஷாக்கில் இருப்பவர் என்றால் முதலில் 15 லிட்டர், எண் நம்பும்படி நின்றபிறகுதான் குறைப்பு. புகையில் மாட்டி கார்பன் மோனாக்சைடு ஏறியவருக்கு மீட்டர் 100 காட்டினாலும் அது பொய், முழு ஆக்சிஜன் ஓடட்டும்.

அப்புறம், கேஸ் ஷீட்டில் "ஆக்சிஜன் கொடுக்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த எண்ணுக்குள் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஷிஃப்ட்டில் வருபவருக்கு அந்த ஒரு வரிதான் கைவிளக்கு.