பொங்கல் பரிசை வீட்டிலேயே அச்சிட: எந்தத் தாள், எந்த பிரிண்டர்?

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து பொங்கல் வாழ்த்து அட்டைகளும் சின்னப் பரிசுகளும் செய்ய நினைக்கிறோம். வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு, பிரிண்டர் இல்லை. எந்த மாதிரி வாங்கலாம்?

பதில்: இதற்கு மட்டும்தான் என்றால் வாங்கவே வேண்டாம். பத்துப் பதினைந்து அட்டைகளைக் கலர் ஜெராக்ஸ் கடையிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம். படம் தேர்வது, எழுதுவது, வெட்டி ஒட்டுவது எல்லாம் எப்படியும் பிள்ளைகள் கையில்தான் இருக்கும்.

பள்ளி வேலைக்கும் சேர்த்து வாங்குவதானால் மையைப் புட்டியிலிருந்து ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க் வகை இங்க்ஜெட் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் மாடலின் விலை கையைக் கடிக்காது. பிறகு வாங்கும் மைதான் கடிக்கும். 'இத்தனை ஆயிரம் பக்கம்' என்று பெட்டியில் போட்டிருப்பது, எழுத்தும் சிறு படங்களும் கலந்த சோதனைப் பக்கங்களை வைத்துப் போட்ட கணக்கு. ஏ4 தாள் முழுக்கப் புகைப்படம் அச்சிட்டால் அதைப்போலப் பல மடங்கு மை போகும்.

கடையில் இன்னொன்றையும் கவனியுங்கள்: தாள் எந்த வழியாக உள்ளே போகிறது? பின்பக்கம் நிமிர்த்திச் செருகும் மாடலில் தடித்த அட்டை அதிகம் வளையாமல் இறங்கிவிடும். கீழ் டிரேயிலிருந்து இழுத்து, உள்ளே ஒரு சுற்றுத் திருப்பி வெளியே தள்ளும் மாடலில் அதே அட்டை மடங்கிச் சிக்கும். எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை தாங்கும் என்று கையேட்டில் இருக்கும். சாதாரண ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம். வாழ்த்து அட்டைக்கு 200க்கு மேல் இருந்தால்தான் நிமிர்ந்து நிற்கும்.

கேள்வி: போட்டோ பேப்பர் வாங்கி வீட்டு இங்க்ஜெட்டில் அச்சிட்டோம். கை பட்டாலே மை வழிகிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். புகார் செய்யலாமா?

பதில்: முதலில் தாள்தான் குற்றவாளியா என்று பாருங்கள். பல போட்டோ பேப்பர்களில் ஒரு பக்கம்தான் பூச்சு இருக்கும். விரலை லேசாக ஈரமாக்கித் தாளின் மூலையில் வைத்தால், பூச்சுள்ள பக்கம் ஒட்டிப் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒட்டவில்லையா? அது லேசர் பிரிண்டருக்கான பளபளப்புத் தாளாக இருக்கலாம். அதில் இங்க்ஜெட் மை உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கி நிற்கும்.

தாள் சரியாக இருந்தால் அச்சிடும்போது தாள் வகையில் 'போட்டோ பேப்பர்' என்று மாற்றினீர்களா என்று பாருங்கள். பல இங்க் டேங்க் மாடல்களில் கறுப்பு மை மட்டும் நிறமித் துகள் கலந்தது. பளபளப்புத் தாளில் அது பிடிக்காது. போட்டோ பேப்பர் என்று சொன்னால்தான் பிரிண்டர் அந்த மையை விட்டுவிட்டு, மற்ற நிறங்களைக் கலந்து கறுப்பை உண்டாக்கும்.

இத்தனைக்குப் பிறகும் வழிந்தால் சரக்கில்தான் குறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதால் குறையுள்ள பொருளைத் தட்டிக்கழிக்க முடியாது. பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 முறையற்ற வணிகமாகவே சொல்கிறது. பில்லையும் பாக்கெட்டின் மேலுறையையும் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். ஆனால் லேசர் தாளை நீங்களே கேட்டு வாங்கியிருந்தால் அதைக் குறைபாடு என்று வாதாட முடியாது.

கேள்வி: வீட்டில் சரியாக இருந்த தமிழ் வாழ்த்து, கடைக் கம்ப்யூட்டரில் திறந்ததும் கோணல்மாணலாகிவிட்டது. அட்டையை மடித்தால் மடிப்பில் நிறமும் உதிர்கிறது.

பதில்: அந்தக் கடையின் கம்ப்யூட்டரில் உங்கள் எழுத்துரு இல்லை. யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கொண்டுபோங்கள்; எழுத்துரு கோப்புக்குள்ளேயே வந்துவிடும். அச்சிடும்போது 'தாளுக்குப் பொருத்து' வேண்டாம், 'உள்ள அளவு' என்று கேளுங்கள். புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். மடித்தபின் ஏ6 அளவில் நிற்கும் அட்டையின் முகப்பை நிறைக்க ஏறக்குறைய 1240 × 1748 பிக்சல் வேண்டும்.

நிறம் உதிர்வது லேசர் அச்சின் சுபாவம். அதன் மைத்தூளான டோனர் தாளுக்குள் ஊறுவதில்லை, மேலே படலமாக உருகி ஒட்டியிருக்கிறது. மடிப்புக் கோட்டின் இருபுறமும் 3 மில்லிமீட்டர் வெள்ளையாக விட்டு வடிவமையுங்கள். மடிக்குமுன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால் பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு இழுத்தால் தடித்த அட்டையும் வெடிக்காமல் மடியும். பிள்ளைகள் அடிக்கடி இடம் மாற்றிவிடும் ஒன்று: பக்கவாட்டில் திறக்கும் அட்டைக்கு வெளிப்பக்கத்தின் வலது பாதிதான் முகப்பு.

கேள்வி: டி-ஷர்ட்டில் படம் ஒட்டும் டிரான்ஸ்பர் தாள் வாங்கலாமா? இஸ்திரிப் பெட்டி போதுமா?

பதில்: போதும், ஆனால் தேய்ப்பது பெரியவர்கள் வேலை. தாளை வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். இங்க்ஜெட் தாளை லேசர் பிரிண்டரில் விட்டால் உள்ளிருக்கும் சூட்டில் பூச்சு உருகி உருளையில் சுற்றிக்கொள்ளும், பிரிண்டரே போய்விடும். அடுத்து, வெளிர் துணிக்கும் அடர்நிறத் துணிக்கும் தாள் வேறு வேறு. வெளிர் துணித் தாளில் படத்தை இடவலம் திருப்பித்தான் அச்சிட வேண்டும். பெயர் எழுதியிருந்தால் தலைகீழ்ப் பாடம்தான், அதனால் முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டுக் கண்ணாடியில் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. வெளிர் துணித் தாளில், படத்தில் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் துணியின் நிறம்தான் தெரியும்.

துணி பருத்தியாக இருக்கட்டும். துவைத்துக் காயவைத்து, படத்தைச் சுற்றி 5 மில்லிமீட்டர் விட்டு மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் உரியும். பெட்டியின் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நீராவி இல்லாமல் பருத்திச் சூட்டில் வையுங்கள். மெத்தென்ற இஸ்திரி மேசையில் அழுத்தம் கிடைக்காது. பலகைமேல் மெல்லிய துணி விரித்து, உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்தி நகர்த்துங்கள், ஓரங்களில் கூடுதலாக. எத்தனை நொடி, சூடாக உரிப்பதா ஆறவிட்டா என்பதெல்லாம் தாளுக்குத் தாள் மாறும். உறையில் உள்ளபடி செய்யுங்கள். ஒரு நாள் கழித்து, உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவைக்கலாம்.

கேள்வி: அதே தாளைக் காபி கோப்பையில் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். கோப்பைக்கு, சூட்டில் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கும் சப்ளிமேஷன் மையும், பூச்சிட்ட கோப்பையும், அதற்கான சூட்டு இயந்திரமும் வேண்டும்; கடையிலேயே கொடுத்துவிடுங்கள். வாண்டுகளுக்குப் பரிசு வேண்டுமென்றால் உறவினர் முகங்களை வைத்து ஜோடி சேர்க்கும் சீட்டு செய்யுங்கள். 4.8 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு ஏ4 அட்டையில் 24 சீட்டு, அதாவது பன்னிரண்டு ஜோடி அடங்கும். பின்பக்கத்துக்குப் புள்ளியோ பூவோ தாள் முழுக்கப் பரவிய ஒரே கோலமாக இருக்கட்டும். சீட்டுச் சீட்டாகக் கட்டம் போட்டால், இருபக்க அச்சு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலே வெட்டும்போது ஓரம் கோணிவிடும்.