முளையமும் கட்டியும் ஒரே சமிக்ஞையில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சில.

கல்முனை, ஏ.எல். உயிரியல் மாணவி: சேர், வளரத் தொடங்கிய கருவான முளையத்திலும் கலங்கள் வேகமாகப் பிரிகின்றன, கட்டியிலும் அப்படித்தான். பிறகு முளையம் ஏன் புற்றாவதில்லை?

நல்ல கேள்வி மகள். இரண்டும் பெரும்பாலும் ஒரே சமிக்ஞைகளைத்தான் பாவிக்கின்றன. வித்தியாசம் நிறுத்துவதில் இருக்கிறது. முளையத்தில் நோடல் என்ற புரதம், அயல் கலங்கள் எதுவாக மாற வேண்டும் என்ற செய்தியைக் கொண்டுபோகும். அதே நோடல், தன்னைத் தடுக்கும் லெஃப்டி என்ற புரதத்தையும் உண்டாக்கச் செய்யும். லெஃப்டி நோடலைவிட வேகமாகப் பரவுவதால் செய்தி எல்லை தாண்டாது. முளையத்தின் இன்னொரு வளர்ச்சிச் செய்தியான ஹெட்ஜ்ஹொக் சமிக்ஞையும் அப்படியே: அது இயங்கினால், அதை அடக்கும் பட்ச்ட் புரதம் கூடுதலாக உருவாகும். தோலில் வரும் அடித்தளக் கலப் புற்றில் பெரும்பாலும் இந்தப் பட்ச்ட்தான் பழுதாகியிருக்கும். அப்புறம் செய்தியே வராவிட்டாலும் கலம் பிரிந்துகொண்டே போகும்.

காத்தான்குடி, ஆசிரியர்: ஒற்றைக் கண்ணுடன் ஆட்டுக்குட்டிகள் பிறந்தது உண்மையா?

உண்மை. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மலைப் புல்வெளிகளில் நடந்தது. ஆடுகள் சினைப்பட்ட 14ஆம் நாளளவில் வெராட்ரம் என்ற செடியைத் தின்றிருந்தன. அதிலுள்ள சைக்ளோபமின், ஹெட்ஜ்ஹொக் செய்தியைக் கலத்துள் கடத்தும் ஸ்மூதண்ட் புரதத்தை அடக்குகிறது. முகத்தை இரு பக்கமாகப் பிரிக்கும் செய்தி குட்டிக்குப் போய்ச் சேரவில்லை. அதே புரதத்தைக் குறிவைத்த விஸ்மோடெகிப் என்ற மருந்து, 2012இல் அமெரிக்காவில் முற்றிய அடித்தளக் கலப் புற்றுக்கு அனுமதி பெற்றது. கர்ப்பிணிகளுக்கு அது அறவே கூடாது என்பதன் காரணமும் இதுதான்.

அக்கரைப்பற்று, தாதி: புற்றுக் கலம் முளையத்துள் போனால் திருந்துமா?

ஒரு வகை திருந்தியிருக்கிறது. 1975இல் அமெரிக்க ஆய்வாளர் பியட்ரிஸ் மின்ட்ஸ், எலியின் டெரட்டோகார்சினோமா என்ற, முளையக் கலங்களை ஒத்த புற்றின் கலங்களை ஆரம்ப முளையத்துள் செலுத்தினார். அவை சாதாரண இழையங்களாகி, நலமான எலிகள் பிறந்தன. எல்லாப் புற்றுக்கும் இதை நீட்ட முடியாது. பட்ச்ட் போன்ற தடுப்பே மரபணு விகாரத்தால் அழிந்த கலத்துக்கு அயல் கலங்கள் சொல்வது ஏறாது.

செங்கலடி, வாசகர்: அப்பா நீண்டகாலமாக வெற்றிலை பாக்குப் போடுகிறார். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைத் திட்டு, நோவில்லை. பொறுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றை உண்டாக்கும். ஆரம்பத்தில் நோவு இல்லாமல் இருப்பது வழமை, அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். இந்த வாரமே ஆஸ்பத்திரிப் பல் டொக்டரிடம் காட்டுங்கள். வாயை முழுதாகத் திறக்கக் கஷ்டமா, உறைப்பு எரிகிறதா என்று அப்பாவிடம் கேட்டு, அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.