பாதியில நிக்கிற மசில் கார்: வாங்கலாமா, விட்டுடலாமா?

கேள்வி: அண்ணா வணக்கம். மிச்சிகன்ல ட்ராய் பக்கம் இருக்கேன், கார் கம்பெனிலதான் வேலை, ஆனா சாஃப்ட்வேர் சைடு, ஸ்பேனர் புடிச்ச பழக்கம் ரொம்ப கம்மி. வருஷா வருஷம் ஆகஸ்ட்ல உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்ல பழைய கார் ஊர்வலம் பாத்துப் பாத்து எனக்கும் ஒண்ணு வேணும்னு ஆசை வந்துடுச்சு. இப்ப ஃப்ளின்ட் பக்கம் ஒருத்தர் 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) 396 ப்ராஜெக்ட் கார் விக்கிறார், 18,000 டாலர் கேக்கிறார். பாடி ஃப்ரேம் மேல உக்காந்திருக்கு, சாம்பல் கலர் ப்ரைமர் அடிச்சிருக்கு, எஞ்சின் ரீபில்ட் பண்ணி ஸ்டாண்ட்ல தனியா நிக்குது, மத்ததெல்லாம் டப்பா டப்பாவா கிடக்கு. இதுவரைக்கும் 30,000 டாலர் போட்டாராம், ரசீதெல்லாம் காட்டினார், மிச்சம் வெறும் அசெம்ப்ளிதான்னு சொல்றார். வின் (வண்டியோட அடையாள நம்பர்) தட்டு 135370ன்னு ஆரம்பிக்குது. டைட்டில் (ஓனர் யாருன்னு சொல்ற பத்திரம்) அவர் பேர்ல இல்ல, அவருக்கு வித்தவர் பேர்ல இருக்கு, ஆனா பின்னாடி கையெழுத்து வாங்கி வச்சிருக்கார். ரெண்டு வருஷத்துல முடிச்சு ஓட்டிடலாம்னு கணக்கு. வாங்கலாமா?

பதில்: தம்பி, அந்த 135ஐ நீங்க போற போக்குல எழுதிட்டீங்க, எனக்கு அங்கயே கண்ணு நின்னுடுச்சு.

1970 ஷெவெல் வின்ல முதல் 1 ஷெவர்லேவைக் குறிக்குது. அடுத்து வர்ற 36ன்னா மாலிபு (ஷெவெல்லயே ஒரு மாடல்) வி8, அதாவது எட்டு சிலிண்டர், 35ன்னா மாலிபு ஆறு சிலிண்டர். அப்புறம் 37ன்னா ரெண்டு கதவு ஹார்ட்டாப், 0ன்னா 1970, அதுக்கப்புறம் வர்ற எழுத்து எந்த ஃபேக்டரின்னு சொல்லும். அந்த வருஷம் எஸ்எஸ் பேக்கேஜ் வி8 வண்டிக்கு மட்டும்தான், 396 இல்லன்னா 454. ஆக, அந்தத் தட்டு அந்த வண்டியோடதாவே இருந்தா, அது ஃபேக்டரியை விட்டு வெளிய வந்தப்ப ஆறு சிலிண்டர் மாலிபு. எஸ்எஸ் பேட்ஜ், கிரில், ஹூட், வட்ட மீட்டர் டேஷ் எல்லாமே கேட்லாக்ல ஆர்டர் பண்ணா வீட்டுக்கு வந்துடும். விக்கிறவர் பொய் சொல்றார்னு நான் சொல்ல வரல, அவருக்கு வித்தவர் சொன்னதை அவர் நம்பியிருக்கலாம், ஆனா அந்த நம்பிக்கைக்கு நீங்க காசு குடுக்க வேண்டாம்.

136ன்னு இருந்திருந்தாலும் எஸ்எஸ்னு நிரூபணம் ஆயிடாது, இதுலதான் நிறைய பேர் ஏமாறாங்க. 1966ல இருந்து 68 வரைக்கும் எஸ்எஸ் 396க்கு 138ன்னு தனி நம்பரே இருந்துச்சு, 69ல இருந்து அதை வெறும் ஆப்ஷன் ஆக்கிட்டாங்க, அதனால 1970 வண்டி வின்னை எப்படித் திருப்பிப் பாத்தாலும் எஸ்எஸ்னு சொல்லாது, ஃபேக்டரில வண்டிக்கு என்னென்ன மாட்டணும்னு எழுதின பில்ட் ஷீட்தான் சொல்லணும். அந்தக் காகிதம் பல வண்டில பெட்ரோல் டேங்குக்கு மேல, பாடிக்கும் டேங்குக்கும் நடுவுல சொருகிக் கிடக்கும். இந்த வண்டியை மொத்தமா கழட்டியிருக்காங்கன்னா டேங்கையும் இறக்கியிருப்பாங்க இல்லையா, அப்ப அந்தக் காகிதம் எங்கன்னு கேளுங்க.

இன்னொரு சமாச்சாரம், 1970ல 396ன்னு பேட்ஜ் போட்டு வித்த எஞ்சின் நிஜத்துல 402 க்யூபிக் இஞ்ச். சிலிண்டர் துளையை (போர்) கொஞ்சம் பெருசாக்கிட்டு, பேர் ஃபேமஸாயிடுச்சேன்னு பழைய நம்பரையே விட்டுட்டாங்க. ஸ்டாண்ட்ல நிக்கிற எஞ்சினோட காஸ்டிங் நம்பர், டேட் கோட், முன்னாடி வலது சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழ பேட்ல (தட்டையா மிஷின் பண்ண இடம்) அடிச்சிருக்கிற நம்பர் மூணையும் போட்டோ எடுத்துட்டு வாங்க. அந்த பேட்ல ஃபேக்டரி மிஷின் விட்ட மெல்லிசான கோடுங்க இருக்கணும், வழவழன்னு தேய்ச்சு புதுசா நம்பர் அடிச்ச மாதிரி இருந்தா உஷாராயிடுங்க. ரீபில்டுன்னா மிஷின் ஷாப் பில் வேணும், எவ்வளவு ஓவர்சைஸ் போர் பண்ணாங்க, க்ராங்க் எவ்வளவு தேய்ச்சாங்கன்னு அதுல இருக்கும். பில் இல்லாத ரீபில்ட் எஞ்சினை நான் பெயிண்ட் அடிச்ச எஞ்சின்னுதான் கணக்குல வைப்பேன். ஸ்பார்க் ப்ளக் எல்லாத்தையும் கழட்டிட்டு முன்னாடி இருக்கிற போல்ட்ல பெரிய ரேட்செட் போட்டு கையால சுத்தச் சொல்லுங்க, தடங்கல் இல்லாம ரெண்டு முழு சுத்து வரணும்.

சரி, இனிமேதான் முக்கியமான விஷயம், தகரம். எஞ்சினை என்னைக்கு வேணா மாத்திக்கலாம், பாடி அப்படி இல்ல. அதுவும் உங்க ஊர்ல குளிர்காலம் பூரா ரோட்ல உப்பு கொட்டுறாங்க. பின் கண்ணாடியோட கீழ் ரெண்டு மூலை, டிக்கி தரை, பின் சக்கரத்துக்குப் பின்னாடி குவார்ட்டர் பேனலோட அடிப்பகுதி, முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற கவல்ங்கிற தகரம், பாடி மவுண்ட் உக்கார்ற இடம், ஃப்ரேம்ல பின் ஆக்ஸில் மேல வளைஞ்சு போற பகுதி, இந்த வண்டி இங்கெல்லாம்தான் அரிக்கும். ஒரு சின்ன காந்தத்தைத் துணில சுத்தி குவார்ட்டர் பேனல் மேல மெதுவா இழுத்துட்டே போங்க, ஒட்டிட்டே வந்து திடீர்னு வழுக்குற இடத்துல உள்ள பள்ளம் நிரப்புற பாண்டோ பசைதான் இருக்கு.

அந்த சாம்பல் ப்ரைமர் என்ன வகைன்னு கேளுங்க. எபாக்சி ப்ரைமர்னா தண்ணியைத் தடுக்கும், சாதா ப்ரைமர்னா ஈரத்தை உறிஞ்சும், அது மட்டும் அடிச்சு நாலு வருஷம் கராஜ்ல நின்ன வண்டில ப்ரைமருக்கு அடியிலயே துரு ஓடியிருக்கும், மொத்தத்தையும் உரிச்சுட்டு முதல்ல இருந்து வரணும். அவர் காட்டின 30,000 டாலர் ரசீதுல ஒரு பங்கு அங்கயே காலி.

அப்புறம் கதவு. கதவு மாட்டியிருந்தா மூடிட்டு, சுத்தி இருக்கிற இடைவெளியை மேல இருந்து கீழ வரைக்கும் பாருங்க, மேல சுண்டுவிரல் போகுது கீழ பேப்பர் கூட போகலன்னா, தரைத் தகரத்தை வெட்டி மாத்தினப்ப உள்ள குறுக்கால கம்பி வச்சு வெல்ட் பண்ணாம வேலை பாத்திருக்காங்க, பாடி முறுக்கிக்கிச்சு. இதை சரி பண்றதுக்குப் பதிலா வேற பாடி தேடலாம். கதவே மாட்டலன்னா, மாட்டிக் காட்டுங்கன்னு சொல்லுங்க, அதுக்கு அவர் சலிச்சுக்கிட்டா உங்களுக்கும் பதில் கிடைச்சுடுச்சு.

“மிச்சம் வெறும் அசெம்ப்ளிதான்”னு விளம்பரம் பாத்தாலே எனக்கு சிரிப்பு வரும். கழட்டினவர் மண்டைக்குள்ளதான் எந்த போல்ட் எங்க போகும்னு இருக்கு, அவர் கிட்ட இருந்து டப்பா மட்டும்தான் உங்களுக்கு வரும். சின்ன பை, அதுல பேர் எழுதின சீட்டு, கழட்டுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இதெல்லாம் இருந்தா விலை வேற, ஒரு பக்கெட்ல எல்லா போல்ட்டையும் கொட்டி வச்சிருந்தா விலை வேற. அசெம்ப்ளி மேனுவலோட பிரிண்ட் கடையில கிடைக்குது, ஆனா காணாமப் போன பிராக்கெட், ஜன்னல் ரெகுலேட்டர், கண்ணாடி ஓர க்ரோம் பட்டி இதெல்லாம் ஒண்ணொண்ணா வாங்கிப் பாருங்க, நூறு இருநூறுன்னு போய்ட்டே இருக்கும். இன்னொண்ணு, ஆறு சிலிண்டர் வண்டில பெரிய வி8 வைக்கிறது வெறும் எஞ்சின் வேலை இல்ல. முன் ஸ்ப்ரிங், ரேடியேட்டர், ஃப்ரண்ட் டிஸ்க் பிரேக், பின்னாடி 12 போல்ட் ஆக்ஸில், தடிச்ச பெட்ரோல் லைன் எல்லாம் மாறணும். பின் டிஃபரென்ஷியல் மூடியில போல்ட்டை எண்ணிட்டு வாங்க, பத்துதான் இருந்தா அந்த வேலையும் உங்க தலையில.

டைட்டில் விஷயத்துல நான் ரொம்ப கறார். மிச்சிகன்ல வண்டி வாங்கினா 15 நாளுக்குள்ள டைட்டிலை மாத்தணும், இவர் மாத்தாமயே கை மாத்தி விடப் பாக்குறார். நடுவுல ஏதாவது கடன் பாக்கி, பழைய ஓனர் செத்துப் போனார், கையெழுத்து மேட்ச் ஆகலன்னு வந்தா நீங்கதான் ஆபீஸ் ஆபீஸா அலையணும். முதல்ல அவர் பேருக்கு மாத்திட்டு வரட்டும், அதுக்கு முன்னாடி அட்வான்ஸ் கூட குடுக்காதீங்க. அப்படியே டேஷ்ல வின் தட்டைப் புடிச்சிருக்கிற ரிவெட்டைப் பாருங்க, ஜிஎம் (ஷெவர்லேயோட தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டில பூ மாதிரி இதழ் வச்ச ரிவெட் இருக்கும், கடையில வாங்கின உருண்டைத் தலை ரிவெட்னா தட்டு வேற எங்கயோ இருந்து வந்திருக்கலாம். வின் தட்டைக் கழட்டி மாத்துறது அமெரிக்காவுல ஃபெடரல் குற்றம். வண்டியோட பழைய சரித்திரம் சொல்ற கார்ஃபாக்ஸ்ல போட்டுப் பாக்கலாம்னு நினைக்காதீங்க, 17 எழுத்து வின் 1981ல இருந்துதான், அதுக்கு முந்தின வண்டி அதுல வராது.

விலைக்கு வருவோம். அவர் 30,000 போட்டது அவர் கதை, அதை வச்சு விலை பேசவே விடாதீங்க. முடிஞ்ச மாலிபு, எஸ்எஸ் மாதிரி செட்டப் பண்ணது, என்ன விலைக்குப் போகுதுன்னு பழைய கார் விலை போடுற ஹாகெர்ட்டி விலை கைடுலயும், ஏலத்துல வித்து முடிஞ்ச விலையிலயும் பாருங்க (கேக்கிற விலையை விடுங்க, யாரு வேணா என்ன வேணா கேக்கலாம்). கைடுல கண்டிஷன் 1ல இருந்து 4 வரைக்கும் இருக்கும், 1தான் உச்சம், உங்க கையில முடிஞ்சா அது 3, நீங்க எவ்வளவு ஆசைப்பட்டாலும் 1 ஆகாது. அதுல இருந்து மிச்ச வேலையைக் கழிங்க. ஸ்பேனர் புடிக்காதவர்னு நீங்களே சொல்றீங்க, அப்ப வேலை ஷாப்புக்குத்தான் போகும், மணிக்கு 100 டாலருக்கு மேல வாங்குற ஷாப்தான் ஜாஸ்தி, ஒழுங்கான பாடி வேலையும் பெயிண்டும் மட்டுமே 15,000 தாண்டுறது சாதாரணம். கழிச்சுப் பாத்தா 18,000 எங்கயும் நிக்காது. தகரம் நல்லா இருந்து, டைட்டில் சுத்தமாகி, மிஷின் ஷாப் பில்லும் காட்டினா 8,000 ஒன்பதாயிரத்துக்கு நான் யோசிப்பேன். ஆனா உங்களுக்கு என்னோட யோசனை அது கூட இல்ல, ஓடிட்டு இருக்கிற சாதா மாலிபு ஒண்ணு, பெயிண்ட் கொஞ்சம் மங்கியிருந்தாலும் பரவாயில்லன்னு, உப்பு ரோடு பாக்காத தெக்கத்தி மாநிலத்துல தேடுங்க. வர்ற ஆகஸ்ட்லயே உட்வர்ட்ல ஓட்டலாம்.

கேள்வி: ஸ்கார்பரோவில இருந்து எழுதுறன் அண்ணை. இங்க ஒராள் 1968 பியூமான்ட் பாதி செய்து போட்டு விக்கிறார், பாக்க ஷெவெல் மாதிரியே இருக்கு, விலையும் குறைவு. ஷெவெல் சாமான் போட்டு முடிக்கலாமோ?

பதில்: பாதி முடிக்கலாம். பியூமான்ட் கனடாவுக்குன்னே ஜிஎம் போட்ட வண்டி, 1966ல இருந்து 69 வரைக்கும் தனி பிராண்டாவே வித்தாங்க. ஃப்ரேம், சஸ்பென்ஷன், பாடில பெரும்பகுதி ஷெவெல்தான், அதனால அடி வேலைக்கு சாமான் கொட்டிக் கிடக்கு. ஆனா கிரில், டெயில் லைட், டேஷ் இதெல்லாம் வேற, டேஷ் ஜிஎம்மோட இன்னொரு பிராண்டான போன்டியாக்ல இருந்து வந்தது. போய்ப் பாக்கறப்ப இந்த மூணும் வண்டியோட இருக்கா, உடையாம இருக்காங்கறதை முதல்ல பாருங்க, இல்லன்னா விலை எவ்வளவு கம்மியானாலும் திரும்பி வந்துடுங்க, ஏன்னா அதைத் தேடுறதுலயே வருஷம் ஓடிடும். உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு, ஜிஎம் கனடா பழைய வண்டி ரெக்கார்டை வச்சிருக்காங்க, காசு கட்டினா வின்னை வச்சு அந்த வண்டி என்ன ஆப்ஷனோட வந்துச்சுன்னு பேப்பர் குடுப்பாங்க. அமெரிக்காவுல வித்த ஷெவெல்லுக்கு இந்த வசதி இல்ல. எஸ்டி396 (பியூமான்ட்ல 396 எஞ்சின் போட்ட ஸ்போர்ட் மாடல்)னு சொல்லி விலை ஏத்தினார்னா அந்தப் பேப்பர் வர்ற வரைக்கும் கை குலுக்காதீங்க.

கேள்வி: ஹூஸ்டன்ல இருக்கோம் சார். வீட்டுக்காரர் வாங்கிப் போட்ட 1968 மஸ்டாங் ஆறு வருஷமா கராஜ்ல பாதியா நிக்குது, வின் 8T01C. என் கார் வெயில்ல நிக்குது. வித்தா ஏதாவது தேறுமா? அவர் கிட்ட சொல்லல.

பதில்: வீட்டுக்காரர் கிட்ட சொல்லிடுங்கம்மா, டைட்டில்ல கையெழுத்து அவர்தானே போடணும். அந்த நம்பரைப் படிச்சா, 8ன்னா 1968, நடுவுல வர்ற டி நியூ ஜெர்சி மெட்டச்சன் ஃபேக்டரி, 01 ஹார்ட்டாப், கடைசி சி 289 வி8 ரெண்டு பேரல் கார்புரேட்டர். ஃபோர்டுல இது ஒரு நல்ல குணம், எஞ்சினை வின்லயே சொல்லிடுவாங்க. எக்கச்சக்கமா ஓடின மாடல், புதையல் எல்லாம் இல்ல, ஆனா மஸ்டாங்குக்கு ஆணி வரைக்கும் புதுசு கிடைக்கறதால வாங்க ஆள் எப்பவும் இருக்கு. 1967ல இருந்து ஃபோர்டு ரெக்கார்டை வச்சு மார்ட்டி ரிப்போர்ட்னு ஒண்ணு வாங்கலாம், சின்ன செலவுதான், வர்ற ஆளுக்கு அதைக் காட்டினா பேச்சு சுருங்கும்.

ஒரு வேலை பண்ணுங்க, முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற ஜல்லடை வழியா ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு உள்ள கால் வைக்கிற இடத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க. சொட்டுச்சுன்னா கவல் ஓட்டை, மஸ்டாங்கோட தீராத வியாதி அது, விலை இறங்கும், மறைக்காம சொல்லிடுங்க. சொட்டலன்னா அதை வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, வாங்க வர்றவங்க முதல்ல கேக்கறது அதுதான். நாலு சக்கரம் மாட்டி, ஸ்டியரிங் திரும்பி, தள்ளினா நகருற மாதிரி ஆக்கிட்டாலே விலை கூடும், ட்ரக்ல ஏத்தறது சுலபம்ல. டப்பாக்களைத் தனித்தனியா வித்துடாதீங்க, வண்டியோட சேத்தே குடுங்க. அவர் விக்கவே மாட்டேன்னு சொன்னா, கராஜுக்கு வாடகை எவ்வளவுன்னு கேளுங்க.