‘மேக்னடைஸ்’ எல்லா இடத்திலும் ‘காந்தமாக்கு’ ஆகுமா?

கேள்வி: மொழிபெயர்ப்பு பழகி வருகிறேன். ஆங்கில ‘மேக்னடைஸ்’ என்ற வினைக்கு அகராதி ‘காந்தமாக்கு’ என்கிறது. ‘அவள் குரல் கூட்டத்தைக் காந்தமாக்கியது’ என்று எழுதினால் இடிக்கிறது. எங்கே தவறு?

பதில்: உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. அந்த வாக்கியத்தில் காந்தம் எது? குரல். நீங்கள் எழுதியதிலோ கூட்டம் காந்தமாகிவிட்டது.

நேர்ப்பொருளில் செயப்படுபொருள்தான் காந்தமாக மாறும். ஓர் எஃகுத் தையல் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தின் வடமுனையை ஊசிக்காதில் வைத்து நுனிவரை தேய்த்து, தூக்கி, மறுபடியும் காதிலிருந்தே தொடங்குங்கள். இப்படி ஒரே திசையில் 30 தடவை தேய்த்தால் ஊசி குண்டூசியை இழுக்கும். கடைசியாகத் தொட்ட நுனி தென்முனையாகும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் ஒரு தேய்ப்பில் சேர்ந்ததை அடுத்தது கலைத்துவிடும். இந்த வேலைக்கு ‘ஊசியைக் காந்தமாக்கினான்’ என்பது கச்சிதம். காந்தத்தில் போய் ஒட்டும் ஆணிக்கு ‘இழு’, ‘ஈர்’ போதும்; ஆங்கிலத்திலும் அதற்கு ‘அட்ராக்ட்’தான்.

உருவகமாக வரும்போது செயப்படுபொருள் இரும்புத்தூளின் இடத்துக்கு வந்துவிடுகிறது. எனவே தமிழில் வினையையே மாற்ற வேண்டும். ஆட்கள் தேடி வந்து குவிந்தால் ‘சுண்டி இழுத்தது’. இருந்த இடத்தில் அசையாமல் கேட்டிருந்தால் ‘கட்டிப்போட்டது’. உங்கள் வாக்கியத்துக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்பேன். காந்தத்தை விட மனமில்லையென்றால் எழுவாயோடு சேருங்கள்: ‘அவளது காந்தக் குரல் கூட்டத்தைக் கட்டிப்போட்டது’. ‘மேக்னடைஸ்டு’ என்று பெயரடையாக வந்தாலும் இதே கணக்கு: ஊசி என்றால் ‘காந்தமேற்றிய’, ரசிகர் என்றால் ‘கிறங்கிப்போன’.

பழைய நூல்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. 19ஆம் நூற்றாண்டு எழுத்தில் மருத்துவர் நோயாளியை ‘மேக்னடைஸ்’ செய்தார் என்று வந்தால் ஈர்ப்பும் இல்லை, கவர்ச்சியும் இல்லை. வியன்னாவில் மருத்துவம் பார்த்த ஃப்ரான்ஸ் அன்டன் மெஸ்மர், உடலுக்குள் காந்தத் தன்மையுள்ள பாய்மம் ஓடுவதாக நம்பிச் செய்த சிகிச்சையின் வழிவந்த சொல் அது. 1784இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியேயும் இடம்பெற்ற பிரெஞ்சு விசாரணைக் குழு அப்படியொரு பாய்மமே இல்லை என்று முடிவு சொன்னது. ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது. அந்த இடத்தில் ‘வசியத் துயிலில் (ஹிப்னாடிச மயக்கத்தில்) ஆழ்த்தினார்’ என்ற பொருளில் எழுதுங்கள்.