கடித்தது யாரென்று செடிக்குத் தெரியுமா? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அசுவினிப் பூச்சி மொய்த்த செடியில் இலையெல்லாம் பிசுபிசுவென்று இருக்கிறது. செடிதான் எதையாவது கசியவிடுகிறதா?

இல்லை, அது அசுவினியின் கழிவு. அதன் வாய் ஊசி மாதிரி இருக்கும், அதைச் செல்களின் இடுக்கு வழியாக நுழைத்து, செடி சர்க்கரையைக் கடத்தும் புளோயம் குழாயில் குத்திவிடும். குழாயில் ஏற்கெனவே அழுத்தம் இருப்பதால் சாறு பெரும்பாலும் தானாகவே ஏறி வரும். சாற்றில் சர்க்கரை ஏராளம், அமினோ அமிலமோ கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காக நிறையக் குடித்துவிட்டு, மிச்சச் சர்க்கரையைப் பின்பக்கமாகச் சொட்டவிடுகிறது. எறும்பு வருவதும் கரும்பூசணம் படர்வதும் இதற்காகத்தான்.

கத்தரிக்கோலால் வெட்டினாலும் புழு கடித்தாலும் செடிக்கு ஒன்றுதானே?

நல்ல கேள்வி, நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். காயம் பட்டால் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தற்காப்பு ஹார்மோன் கூடுவது இரண்டிலும் நடக்கும். ஆனால் புழுவின் எச்சில் கூடுதல் சேதி சொல்கிறது. ஒரு வகைப் படைப்புழுவின் வாய்நீரிலிருந்து வாலிசிட்டின் என்ற பொருளை 1997-இல் பிரித்தெடுத்தார்கள். அதை மக்காச்சோள இலையின் காயத்தில் தடவினால், புழு தின்றதுபோலவே செடி ஒரு வாசனைக் கலவையை வெளியிடுகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வரும் ஒட்டுண்ணிக் குளவி புழுவுக்குள் முட்டையிட்டுவிடும், அப்புறம் புழுவின் கதை முடிந்தது.

நரம்பு மண்டலமே இல்லாத செடியில் தூரத்து இலைக்கு எப்படிச் சேதி போகிறது?

நரம்பு மண்டலம் இல்லாவிட்டாலும் குழாய்கள் இருக்கின்றனவே. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2018-இல் காட்டினார்கள்: காயத்தில் கசியும் குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்தால், செல்களுக்குள் கால்சியம் அடுத்தடுத்து உயரும் அலை ஒன்று கிளம்பி, ஓரிரு நிமிடத்தில் மற்ற இலைகளைத் தொடுகிறது. தக்காளியில் இதற்கு வெகு முன்பே, 1972-இல், வண்டு கடித்த இலையில் மட்டுமல்லாமல் கடிபடாத இலைகளிலும் புரதத்தைச் செரிக்கும் நொதிகளைத் தடுக்கும் பொருள் சேர்வதைக் கண்டிருந்தார்கள். இலையைத் தின்ற பூச்சியின் செரிமானத்தை அந்தப் பொருள் கெடுக்கும்.

அப்படியானால் எப்போதும் விஷத்தோடேயே இருந்துவிடலாமே?

செலவு கட்டுப்படியாகாது. தற்காப்புக்குப் போகும் நைட்ரஜனும் ஆற்றலும் வளர்ச்சியிலும் விதையிலும்தான் குறையும்.

எருக்கம்பாலில் அவ்வளவு விஷம் இருந்தும் சில புழுக்கள் அந்த இலையைத் தின்கின்றனவே?

முதலில் இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, அதற்கு அந்தப்புறம் உள்ள பகுதியைத் தின்கின்றன. எருக்கின் குடும்பத்துச் செடிகளில் வளரும் மொனார்க் பட்டாம்பூச்சி இன்னும் ஒரு படி மேலே, அந்த விஷத்தை உடலில் சேர்த்துவைத்துப் பறவைகளிடமிருந்து தப்புகிறது.